விளம்பரத்தில் விஷயம் தெரியாதவள்

போன வாரம் எங்கள் தெருவுக்கு ஓர் ஆட்டோ, தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு மெத்தை விற்க வந்தது. "என்னங்க, ராத்திரி முழுக்க ஒரே முதுகுவலி, எந்த மெத்தை வாங்குறதுன்னே தெரியலையே" என்று ஒரு பெண் குரல். "அட, உனக்கு விஷயமே தெரியாதா?" என்று ஓர் ஆண் குரல். இரண்டுமே மனிதக் குரல்கள் இல்லை. கம்ப்யூட்டர் செய்து கொடுத்தவை. முதுகுவலிக்காரி மூச்சே விடாமல் பேசியதில் அது தெரிந்துவிட்டது. வாசலில் நின்று அதைக் கைப்பேசியில் பதிந்து, கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு இருக்கும் அண்ணாச்சிக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவர் குரலிலேயே பதில் வந்தது. பாதிக்கு மேல் சிரிப்புதான். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "ஏளா, மெஷினுக்கும் கல்யாணம் பண்ணி வச்சுட்டானுவ பாத்தியா! அங்கனயும் பொண்டாட்டிக்கு விஷயம் தெரியல."

அந்த அண்ணாச்சியும் நானும் பல வருஷம் தூத்துக்குடித் தெருக்களில் கணவன் மனைவியாக இருந்தவர்கள். பதறாதீர்கள், ஒலிபெருக்கியில் மட்டும்தான். பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, கட்டில் பீரோ, மாவு மில், பல் டாக்டர் என்று ஊரில் யாருக்கு ஆட்டோ விளம்பரம் வேண்டுமானாலும் அவரிடம்தான் வருவார்கள். எழுதுவது அவர், ஒலிப்பதிவு செய்வது அவர், கணவராகப் பேசுவதும் அவர். மனைவிக்கு மட்டும்தான் வெளியாள் தேவைப்பட்டது. அவருடைய சொந்த மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினி மைக் முன்னால் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அந்த இடம் எனக்கு வந்தது.

ஒலிப்பதிவு அறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஓர் ஐஸ் கம்பெனியின் மாடி. சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி வைத்திருப்பார். மின்விசிறி ஓடினால் இரைச்சல் பதிவாகிவிடும் என்று நிறுத்திவிடுவார். வியர்வை கண்ணுக்குள் வழிய, "என்னங்க, இந்தத் தீபாவளிக்குப் பட்டுப்புடவை எங்கே எடுக்கலாம்?" என்று நான் குழைய வேண்டும். கீழே படகுகளுக்காக ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடத் தொடங்கினால் கணவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். மெஷின் நிற்கும்வரை இருவரும் மாக்ரூன் தின்றுகொண்டு ஊர்க்கதை பேசுவோம். அந்த இடைவேளைகளுக்காகவே அலுவலகம் முடிந்ததும் அங்கே ஓடியிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

அலுவலகம் என்றது கப்பல் ஏஜென்சி. கண்டெய்னர் எந்த யார்டில் இருக்கிறது, எந்த லாரி எந்த வாசல் வழியாகப் போக வேண்டும், சுங்கத்தில் எந்தத் தாள் நிற்கிறது என்று பகல் முழுக்க பத்துப் பேருக்குச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் என் வேலை. சாயங்காலம் ஆனால் ஐஸ் கம்பெனி மாடியில் எனக்கு ஒன்றுமே தெரியாது. குக்கர் தெரியாது, புடவை தெரியாது, சொத்தைப் பல்லுக்கு எங்கே போவது என்று தெரியாது. படகு எஞ்சினுக்கு ஆயில் விற்கிற விளம்பரத்தில்கூட நான் உண்டு. அண்ணாச்சி ஆயிலின் பெருமையைச் சொல்வார், நான் "அப்படியா!" என்பேன். அந்த "அப்படியா"வை அவர் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். "கண்ணை விரிச்சுச் சொல்லு. குரல்ல கண்ணு தெரியணும்" என்பார். என் வீட்டுக்காரர் ஒருநாள் பஜாரில் அதைக் கேட்டுவிட்டு வந்து, "வீட்ல ஒரு தடவையாவது எங்கிட்ட அப்படியான்னு கேட்டிருக்கியா நீ?" என்று ஆதங்கப்பட்டார்.

அண்ணாச்சியிடம் இதற்கு ஒரு விதி இருந்தது. "பொம்பளை கேக்கணும், ஆம்பளை சொல்லணும். கேக்கிறவளுக்குத் தெரியாம இருந்தாத்தான் சொல்லுதவனுக்கு மதிப்பு." ஆனால் சொல்கிறவருக்கு எல்லாம் தெரிந்திருந்ததா என்றால், அதுதான் வேடிக்கை. எழுத உட்கார்ந்ததும் முதலில் போனை எடுத்து மதினியை அழைப்பார். "ஏளா, அடிப்பிடிக்காத பாத்திரம்னா எது? அடி கனமா இருக்கணுமா, லேசா இருக்கணுமா?" மதினி விளக்குவார். இவர் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொள்வார். பிறகு மைக் முன்னால் நின்று, தொண்டையைச் செருமி, அதையே என்னிடம் சொல்வார். நான் வியப்பேன். ஒரு பெண்ணின் சமையலறையில் இருந்து கிளம்பிய விஷயம் அண்ணாச்சியின் தொண்டை வழியாக ஏறி, ஆட்டோவில் ஊர் சுற்றி, தெருவில் இருக்கும் பெண்களுக்கு ஆண் குரலில் போய்ச் சேரும். இந்தச் சுற்று வழி எங்கள் இருவருக்குமே அப்போது விசித்திரமாகப் படவில்லை. டி.வி.யில் வருகிற பெரிய விளம்பரங்களும் அப்படித்தானே? துணி துவைப்பவள் அவள், சோப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க கோட்டுப் போட்ட ஒருவர் வருவார்.

எனக்கு உறைத்தது ஒரு போன் அழைப்பில். லாரி காண்டிராக்டர் ஒருவர் கண்டெய்னரை எந்த யார்டில் இறக்குவது என்று கேட்டார். சொன்னேன். பிறகு, "எம்மா, நீங்க அந்தக் குக்கர் விளம்பரத்துல ஒண்ணும் தெரியாமப் பேசுவீங்கல்லா, அந்த அம்மாதான?" என்றார். எனக்குப் பெருமை. ஆமாம் என்றேன். "அப்பம் பக்கத்துல சார் யாராவது இருந்தா போனைக் குடுங்க" என்றார். பக்கத்து மேசையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தம்பியிடம் கொடுத்தேன். அவனுக்குத் தெரியாது. போனின் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டான், நான் சொன்னேன், அதை அப்படியே போனில் சொன்னான். "ஓ, சரி சார்" என்று காண்டிராக்டர் திருப்தியாக வைத்துவிட்டார். அலுவலகமே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் என் குரலைக் கேட்டால் ஊருக்கு நம்பிக்கை வராது என்று ஆகிவிட்டதே, அந்தக் குரலை வைத்துத்தானே நான் பிழைக்கிறேன்?

சாயங்காலம் மாடி ஏறியதும் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். "இனிமே ஒரு விளம்பரத்துலயாவது நான் சொல்லணும், நீங்க கேக்கணும். இல்லாட்டி நான் வரல." அவர் என்னைப் பார்த்தார், முட்டை அட்டைகளைப் பார்த்தார். "நீ சொல்லுத ஞாயம் எனக்கு விளங்குது. கடைக்காரன் ஒத்துக்கிட மாட்டான்ளா" என்றார். மாதா கோயில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. தேர் பார்க்க ஊரே திரளும் நேரம், கடைக்காரர்களுக்கும் அதுதான் அறுவடை. பாத்திரக்கடைக்குப் புது விளம்பரம் வேண்டும். நான் இல்லாவிட்டால் அவர் வேறு ஒரு மனைவியைத் தேட வேண்டும். இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் ஆட்டோக்காரர் வந்து ஒரு புகார் சொன்னார். கடலோரத் தெருக்களில் ஸ்பீக்கர் சரியாக எடுபடவில்லையாம், பெண்கள் குறுக்கே குறுக்கே சத்தம் போடுகிறார்களாம்.

மறுநாள் எனக்கு விடுமுறை. ஸ்பீக்கரைச் சோதிக்க ஆட்டோவில் அண்ணாச்சியோடு நானும் போனேன். எங்கள் ஊரில் விசைப்படகுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. மற்ற நாட்களில் விடியும் முன்பே ஆண்கள் கடலுக்குப் போய்விடுவார்கள். அன்று வார நாள். தெருவில் முழுக்கப் பெண்கள். குழாயடியில் சிலர், வலை காய்கிற இடத்தில் சிலர், மீன் ஏலம் முடிந்து கூடையோடு திரும்பியவர்கள் சிலர். ஆட்டோ நின்றது, பழைய பதிவு ஓடத் தொடங்கியது.

"என்னங்க, நல்ல குக்கர் எங்கே கிடைக்கும்னே தெரியலையே" என்றது என் குரல்.

"ஏன், ஒனக்குக் கால் இல்லியா? கடைத்தெருவுக்குப் போய்ப் பாரேன்ளா!" குழாயடியில் குடத்தோடு நின்ற ஓர் அக்கா, ஸ்பீக்கரைப் பார்த்தே கத்தினாள்.

"அட, உனக்கு விஷயமே தெரியாதா?" என்றது அண்ணாச்சியின் குரல்.

"தெரியாம என்ன? நீ சும்மா கெடலே!" இது வலைப் பக்கத்தில் இருந்து.

"கவலைப்படாதே, நான் கூட்டிட்டுப் போறேன்."

"எங்கன கூட்டிட்டுப் போவ? எம் புருசன் விடியுமுன்ன கடலுக்குப் போயாச்சு! நீ வேணா வா, குடத்தைத் தூக்கு!"

தெருவே சிரித்தது. ஒவ்வொரு வரிக்கும் இடையில் அவர்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. தினமும் ஒத்திகை பார்த்துத் தேறிய பதில்கள். "நான் சொன்னேன்லா அண்ணாச்சி, ஸ்பீக்கர்ல கோளாறு இல்ல" என்றார் ஆட்டோக்காரர். அண்ணாச்சிக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். மனிதர் ஆட்டோவுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே தலையை நீட்டி, "நல்லாப் பேசுதியளே எல்லாரும்" என்றார். அதுதான் அவர் செய்த தப்பு.

"ஏளா, விஷயம் தெரிஞ்சவரு இவருதாம்ளா!" என்று குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள் குழாயடி அக்கா. நொடியில் ஆட்டோவைச் சுற்றிக் கூட்டம். "சொல்லும் பாப்போம், அஞ்சு லிட்டர் குக்கர்ல எத்தனை பேருக்குச் சோறு ஆக்கலாம்?" அண்ணாச்சி விழித்தார். அவர் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்ப் போனை எடுத்தது. "யாருக்கு ஓய் போன்?" என்றாள் அக்கா. "வீட்டுக்கு" என்றார், பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதன் பிறகு எழுந்த சிரிப்பைப் போல ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை. ஒருத்தி சிரிப்புத் தாங்காமல் வலைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அக்கா அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "கேக்கிறவ நீதான? ஒனக்குமா தெரியாது?" எனக்கா தெரியாது? வெறும் சோறு என்றால் எத்தனை பேர், பிரியாணி என்றால் எவ்வளவு குறையும், எதுவரை அரிசி போட்டால் விசில் வழியாகக் கஞ்சி பொங்காது என்று மளமளவென்று சொன்னேன். அக்கா முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "பெறவு எதுக்குளா தெரியாத மாதிரி ஊர் பூரா கேட்டுக்கிட்டுத் திரியுத?" என்றாள்.

திரும்பி வரும்போது உப்பளத்துக் காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஐஸ் கம்பெனி வாசலில் இறங்கியதும், "இந்தத் தடவை நான் கேக்கேன், நீ சொல்லு" என்றார். பாத்திரக்கடை முதலாளியை எப்படிச் சமாளித்தார் என்று பிறகு சொன்னார். "ஆம்பளை போய்க் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றாராம் முதலாளி. "பகல்ல அந்தத் தெருவுல ஆம்பளையே கெடையாது முதலாளி, யாருக்கு வெக்கம்?" என்றாராம் இவர்.

மறுநாள் சாயங்காலம் மைக் முன்னால் நின்றேன். மனசுக்குள் தேரோட்டம். தாளை வாங்கிப் பார்த்தேன். அண்ணாச்சி கேட்பார்: "ஏளா, நல்ல குக்கர் எங்கன கெடைக்கும்?" நான் சொல்ல வேண்டும்: "உங்களுக்கு விஷயமே தெரியாதா? நம்ம பாத்திரக்கடைக் குக்கர், தலைமுறை தலைமுறையா உழைக்கும்." அவர் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். குழாயடி அக்காவின் முகம்தான் மைக்குக்குப் பின்னால் தெரிந்தது.

"அண்ணாச்சி, தலைமுறைக்கு உழைக்குமா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்?"

"இத்தனை வருஷமா நீங்கதான சொன்னீங்க?"

"நான் சொன்னேன். எவ நம்புனா? நீதான் பாத்தியே" என்றவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ சொன்னா நம்புவாளுவ. அதுதான் சங்கடம்."

இத்தனை வருஷமும் கேட்பது எனக்குச் சுலபமாக இருந்ததன் காரணம் அப்போது புரிந்தது. கேட்கிறவளுக்குப் பொறுப்பு இல்லை. சொல்கிற ஆண் குரலுக்கும் உண்மையில் பொறுப்பு இருக்கவில்லை, கம்பீரம் மட்டும்தான் இருந்தது. தெரிந்தவளாகப் பேச வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகு பார்த்தால் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நான் சொல்லி யாராவது நம்ப வேண்டும் என்றால், நம்பியவள் முகத்தில் நாளைக்கு நான் விழிக்கும்படியாகவும் இருக்க வேண்டுமே.

அண்ணாச்சி மதினிக்குப் போன் போட்டார். ஆனால் இந்தத் தடவை போனை என் கையில் கொடுத்துவிட்டார். மதினி அந்தக் கடைக் குக்கரில்தான் சமைப்பவர். "குக்கர் நல்ல குக்கர்தான். அடி பிடிக்காது, வாஷர் சீக்கிரம் போகாது" என்றார். "ஆனா கொஞ்ச நாள் போனா கைப்பிடி ஆடும். கடைக்குக் கொண்டு போனா காசு வாங்காம முடுக்கிக் குடுப்பான். மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டுக் குடுப்பான், அது வேற." அண்ணாச்சி தாளை வாங்கித் தலைமுறையை அடித்துவிட்டார். நானும் அவரும் ஐஸ் மெஷின் ஓடி ஓய்வதற்குள் புதிதாக எழுதினோம். அடி பிடிக்காது, வாஷர் தாங்கும், கைப்பிடி ஆடினால் கவலை வேண்டாம், கடைக்குக் கொண்டு போனால் காசில்லாமல் முடுக்கித் தருவார்கள். மூஞ்சியைச் சுளிப்பதை மட்டும் விட்டுவிட்டோம். கேட்டுப் பார்த்த முதலாளி தலையில் கை வைத்தார். "என் காசுல, என் குக்கர் கைப்பிடி ஆடும்னு ஊர் பூரா சொல்லுதியளே!" இலவச சர்வீஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணாச்சி அரை மணி நேரம் மன்றாடினார். கடைசியில் ஒருநாள் மட்டும் ஓடட்டும் என்று முதலாளி விட்டுக்கொடுத்தார்.

அந்த ஒருநாள் நாங்கள் அதே தெருவுக்குப் போனோம். அண்ணாச்சி ஆட்டோவுக்குள் பதுங்கிக்கொண்டார். "ஏளா, நல்ல குக்கர் எங்கன கெடைக்கும்?" என்றது அவர் குரல். பெண்கள் வழக்கம்போல வாயைத் திறந்தார்கள். அடுத்து என் குரல் வந்தது, நிதானமாக, கண்ணை விரிக்காமல். யாரும் குறுக்கே பேசவில்லை. கைப்பிடி ஆடும் இடம் வந்ததும் இரண்டு மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். பதிவு முடிந்தது. குழாயடி அக்கா இடுப்பில் கை வைத்து, "ஏளா, இவளுக்கு விஷயம் தெரிஞ்சிட்டுளா!" என்று கத்தினாள். தெருவில் கைதட்டல். ஆட்டோவின் மறுபக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

குக்கர் கேட்டு ஆட்கள் வந்ததால் முதலாளி நிறுத்தச் சொல்லவில்லை, விளம்பரம் திருவிழா முடியும்வரை ஓடியது. அதோடு ஊர் திருந்திவிட்டது என்று எழுத ஆசைதான். அடுத்த மாதமே ஒரு நகைக்கடைக்காக நான் மறுபடி "அப்படியா!" சொன்னேன். ஆனால் அண்ணாச்சி மூன்றுக்கு ஒன்றாவது எனக்குச் சொல்கிற பங்கைக் கொடுத்தார், கொடுக்காவிட்டால் நான் கேட்டு வாங்கினேன். லாரிக்காரர்களிலும் சிலர் பிறகும் "சார் இருக்காரா?" என்று கேட்டார்கள். போனைக் கொடுக்கும் பழக்கத்தைத்தான் நான் விட்டுவிட்டேன். இப்போது அந்த முட்டை அட்டை அறை இல்லை. கம்ப்யூட்டர் ஐந்து நிமிடத்தில் கணவனையும் மனைவியையும் செய்துவிடுகிறது. அதற்குப் பழைய விளம்பரங்களைத்தான் யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் போல. எனக்கு அதன்மேல் கோபம் இல்லை. அந்தக் குரல் சொன்னதை நம்பிக் கடைக்குப் போனவள், கோளாறு வந்தால் யாரைத் தேடிப் போவாள் என்பதுதான் என் கவலை.

ஏனென்றால் என்னைத் தேடி ஒருத்தி வந்தாள். திருவிழா போய்ச் சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் இருந்து நேராகக் குழாயடி அக்கா ஐஸ் கம்பெனி மாடிக்கு ஏறி வந்தாள். நல்ல புடவை, தலையில் பூ, கையில் குக்கர். "ஆடுது" என்றாள். கைப்பிடியை ஒருமுறை ஆட்டிக் காட்டினாள். "நீதான சொன்ன? வா." செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வேடிக்கை பார்க்க அண்ணாச்சியும் கூடவே வந்தார். கடையில் அன்று முதலாளி இல்லை. அவருடைய தம்பி உட்கார்ந்திருந்தார். குக்கரைப் பார்த்ததும் மதினி சொன்ன மாதிரியே மூஞ்சியைச் சுளித்தார். "காசு வாங்காம முடுக்கித் தருவோம்னு யாரு சொன்னா?" என்றார், அண்ணாச்சியைப் பார்த்து.

அண்ணாச்சி வாயைத் திறந்தார். அந்தக் கம்பீரமான குரல் இதோ வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு, ஓரடி பின்னால் நகர்ந்து, என்னைப் பார்த்தார்.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

அக்கா குக்கரைக் கல்லா மேசைமேல் டங்கென்று வைத்தாள். "கேட்டீரா? சொன்னவளே வந்து நிக்கா. முடுக்கிக் குடும்."